நார்ச்சோறு

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 2013-ஆம் ஆண்டில், தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம் போட முனைந்தேன். தொட்டி தொட்டியாகச் செம்மண்ணை ஏற்றினால் தளம் தாங்காது என்று கொத்தனார் எச்சரித்தார். எடை குறைந்த ஊடகம் வேண்டும் என்றதும் நாற்றுக் கடைக்காரர் எடுத்துக் காட்டியது, பெரிய கல் போல அழுத்திக் கட்டப்பட்ட நார்த்தூள் கட்டி. எடை ஐந்து கிலோ. அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றியபோது, அது விளிம்புகளில் பிளந்து, உப்பி, பொலபொலவென்று உதிர்ந்து, எழுபது லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டது. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஊரை விட்டு எங்களுடன் வந்து தங்கியிருந்தாள். மாடிப்படியில் மெல்ல ஏறி வந்தவள் அண்டாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள், பிழிந்தாள், முகர்ந்தாள்.

"இது சோறாக்குமே, மக்களே! இதையா காசு குடுத்து வாங்கினே?"

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் அது. மலையாளச் சாயல் பேச்சில் இன்னும் ஒட்டியிருக்கிறது. தேங்காய் மட்டையைக் கதம்பை என்போம். அதிலிருந்து பிரியும் நார் தும்பு. நாருக்கு நடுவே பஞ்சு போல அடைந்திருந்து, அடிக்கும்போது உதிர்ந்து விழும் பொடி சோறு. கற்றாழைக்குள் இருப்பதைச் சோறு என்று சொல்கிறோம் அல்லவா, அதைப் போலத்தான். வேளாண்மை நூல்கள் இதனைத் தென்னைநார்க் கழிவு என்று குறிப்பிடுகின்றன. நூல்களைவிட ஊர்ப்பேச்சு இந்தப் பொருளிடம் மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

அம்மா கதம்பை அடித்துத்தான் எங்களை வளர்த்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், எங்கள் காலத்தில் ஏ.வி.எம். சானலாகச் சுருங்கிக் கதம்பை ஊறும் குட்டையாகிவிட்டிருந்தது. பச்சைக் கதம்பைகளை உப்பும் நன்னீரும் கலந்த அந்தத் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே சேற்றை ஏற்றிப் பல மாதங்கள் ஊறப்போடுவார்கள். ஊறிய கதம்பையைக் கரையில் அமர்ந்து தோலுரித்து, மரக்கட்டையால் அடிப்பது பெண்களின் வேலை. நூறு கதம்பைக்கு இவ்வளவு என்று கூலி. அழுகிய கதம்பையின் நாற்றம் கைக்குள் இறங்கிவிடும். எந்தச் சோப்புக்கும் அது போகாது.

பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, ஒரு நாள் மதியம் அம்மா வேலைக் கரையிலிருந்து நேரே எனக்குக் கஞ்சி கொண்டு வந்தாள். பக்கத்துப் பெஞ்சுப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான். அன்று மாலை, இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு வராதே என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வரவும் இல்லை.

ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ சோறு மிஞ்சும். அன்று அதனை யாரும் சீண்டவில்லை. கால்வாய்க் கரையில் குன்றாகக் குவித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடினோம். ஆண்டுகள் போனாலும் அந்தக் குன்று மக்குவதில்லை. லிக்னின் என்னும் கடினப் பொருள் அதில் மிகுதி. கரிமம் நூற்றுப் பன்னிரண்டு பங்கு இருந்தால் தழைச்சத்து ஒரே ஒரு பங்குதான். இந்த விகிதத்தைக் கண்டால் நுண்ணுயிர்களுக்கே சலிப்பு வந்துவிடும். பிற்காலத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிப்பிக் காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காக இட்டு அதனை மக்கவைக்க வழி சொன்னார்கள். அப்படி மக்கிய உரத்தில் அந்த விகிதம் இருபத்து நான்குக்கு ஒன்றாக இறங்கிவிடுகிறது.

அண்டாவிலிருந்து எடுத்த பிடியை அம்மா கீழே போடவில்லை. அதிலிருந்து பிழிந்த தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "உப்பு கிடக்கு, கழுவணும்" என்றாள். கட்டியின் உறையிலேயே 'கழுவப்பட்டது' என்று அச்சிட்டிருந்ததை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மறுமொழி சொல்லாமல் கீழே இறங்கிப் போனாள்.

உறையை நம்பி நட்ட தக்காளியும் கத்தரியும் மூன்று வாரங்கள் நன்றாகவே நின்றன. பிறகு இலையோரங்கள் தீய்ந்தன. நார்த்தூளின் மேற்பரப்பு வெளிறிக் காய்ந்து தெரியவே, தாகம் போலும் என்று எண்ணி நாள்தோறும் நீர் வார்த்தேன். தன் எடையைப் போல ஆறேழு மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் பொருள் அது. மேலே காய்ந்து அடியில் சொதசொதவென்று இருக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்திருக்கலாம். சில செடிகள் வேர் அழுகி மாண்டன. பிழைத்த தக்காளிகளில் காய்கள் பிடித்தன. அவற்றின் அடிப்புறம் கறுத்துக் குழிந்தது. சுண்ணாம்புச் சத்து எட்டாத காய்களுக்கு வரும் நோய் அது. கழுவாத நார்த்தூளின் துகள்களைச் சோடியமும் பொட்டாசியமும் பற்றிக்கொண்டிருக்கின்றன. நாம் இடும் கால்சியத்தை அந்தத் துகள்கள் தமக்கென்று இழுத்துக்கொள்ள, வேருக்கு மிஞ்சுவது குறைவு.

ஒரு காலைப்பொழுதில், பட்டுப்போன செடிகளை நான் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அம்மா மறுபடியும் மாடிக்கு வந்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழைய கொசுவலையை இரண்டாக மடித்துத் தரச் சொன்னாள். அதில் நார்த்தூளைக் கட்டி அண்டாவில் ஊறவைத்தோம். மறுநாள் பிழிந்தபோது தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. ஒவ்வொரு முறையும் அவள் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். நான்காம் தண்ணீரில்தான் தலையசைத்தாள். அந்தக் கைகளை, முழங்கை வரை பழுப்பு நீர் வடிய, அவ்வளவு அருகிலிருந்து நான் பார்த்தது ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அன்றுதான் என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டிய ஒன்று எனக்கு இருந்தது. தண்ணீர் போதுமா என்று கேட்டேன்.

இப்போது நான் செய்கிற முறை இது. கழுவிய நார்த்தூளைக் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மீண்டும் ஒரு முறை அலசிவிடுகிறேன். நார்த்தூளில் உணவென்று சொல்லத்தக்கது ஏதுமில்லை; சோறு என்ற பெயரை நம்பி ஏமாறக் கூடாது. ஆகவே இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரமும் ஒரு பங்கு செம்மண்ணும் கலக்கிறேன். செம்மண் இல்லாவிட்டால் காற்றடிக்கும் ஆடியில் செடி தொட்டியோடு சாய்ந்துவிடுகிறது.

நான்கு அண்டாத் தண்ணீரில் நாங்கள் செய்ததைப் பொள்ளாச்சி வட்டாரத்தில் பெரிய களங்களில் செய்கிறார்கள். எடையளவில் இந்தியக் கயிறுத் தொழிலின் ஏற்றுமதியில் பெரும்பங்கு இன்று இந்தத் தூளுக்கே. அயல்நாட்டுப் பசுமைக்குடில்களுக்கு உப்பு நீங்கிய தூள் வேண்டும். நீங்கிய உப்பு இங்கே நம் நிலத்தில் இறங்குகிறது. கிணற்று நீர் நிறம் மாறுவதாக அப்பகுதி உழவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டார்கள். 2021-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை மாசற்ற 'வெள்ளை' வகையிலிருந்து 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. தொழிலை நம்பிப் பிழைப்போரும் அவ்வூர்களிலேயே இருக்கிறார்கள் என்பதால், கடையில் கட்டியைக் கையில் எடுக்கும்போது யார் பக்கம் பேசுவது என்று எனக்கு விளங்குவதில்லை. வாங்கத்தான் செய்கிறேன்.

அம்மா 2019-இல் காலமானாள். தண்ணீரில் உள்ள உப்பை அளக்க மருமகன் ஒரு கருவி வாங்கித் தந்திருக்கிறார். பேனா அளவில் இருக்கிறது, எண்ணைச் சரியாகக் காட்டுகிறது. இருந்தாலும் அதனை நனைப்பதற்கு முன் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

முதல் நாள் கழுவியபோது, அந்தப் பழுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப்போனேன். அம்மா தடுத்தாள். "தெங்குக்கு ஊத்து மக்களே. அதுக்கு உப்பு பிடிக்கும். அதுக்குள்ளது அதுக்கே போகட்டு" என்றாள். கிணற்றடியில் ஒரு தென்னை நிற்கிறது. இன்றும் முதல் இரண்டு அண்டாத் தண்ணீரைப் படியிறக்கிக் கொண்டுபோய் அதன் தூரில்தான் ஊற்றுகிறேன். முழங்கால் வலிக்கிறது, குழாய் போட்டு இறக்கலாமே என்று மனைவி சொல்கிறாள்.