போடியில் ஒரு மெத்தை வாங்கினோம்

மதுரையிலிருந்து தேனி வழியாக மேற்கே போனால், மலை வந்து வழி மறிக்கிற இடத்தில் இருக்கிறது போடிநாயக்கனூர். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூனில் மறுபடி வந்துவிட்டது. அதனால் போய்த் திரும்புவது சுலபம்.

ஏலக்காய்க்குப் பெயர்போன ஊர்தான். ஆனால் நாங்கள் போனது இலவம் பஞ்சு மெத்தைக்காக. தலைப்பிரசவத்துக்கு மகள் வருகிறாளே!

'இலவு காத்த கிளி' என்று பழமொழி சொல்கிறோமே, அந்தக் காயைக் கோடையில் இந்தப் பக்கம் மரத்திலேயே பார்க்கலாம். முற்றி வெடித்தால் உள்ளே பழம் இல்லை, பஞ்சுதான். கிளிக்கு ஏமாற்றம், நமக்குத் தூக்கம்! இந்தப் பஞ்சு இழை உள்ளே காலியாக, மேலே மெழுகு பூசினாற்போல இருக்கும். அதனால்தான் அவ்வளவு லேசு, தண்ணீரும் சட்டென்று ஏறாது. வழுக்குவதால் தனியாக நூல் நூற்க வராது. மெத்தைக்கும் தலையணைக்கும்தான் லாயக்கு.

கடையில் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "கையா தாயி தூங்கப் போவுது? படுத்துப் பாருங்க!"

படுத்துப் பார்த்தேன். நீங்களும் கூச்சப்படாமல் படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து இடுப்புக்கடியில் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை ரொம்பக் கெட்டி. நுழையவே இல்லையென்றால் ரொம்ப மெத்து. இரண்டுக்கும் நடுவில் இருப்பதே இடுப்புக்கு நல்லது. நிறைமாதக்காரி ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும் என்பதால் பக்கவாட்டிலும் படுத்துப் பார்த்தேன். ஒரு பிடி பஞ்சையும் கேட்டு வாங்கிக் கசக்கினேன். விட்டதும் உப்பி எழுந்தது. விதையோ ஓட்டுத் தூளோ இல்லை. துணி நெருக்கமான நெசவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பஞ்சுத்தூள் கசிந்து இருமல் வரும்.

பிறகு கடைக்காரர், பேரப்பிள்ளைக்கென்று ஒரு குட்டி மெத்தையையும், பூப்போட்ட குட்டித் தலையணைகளையும் எடுத்து வைத்தார். அழகு கொள்ளை கொண்டது. ஆனால் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். 'தலையணைகூட வாங்கவில்லையா?' என்று சம்பந்தி வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டுமே! பிஞ்சுக் குழந்தை மெத்தென்ற பஞ்சில் முகம் புதைத்தால், தானாகத் திரும்பத் தெரியாது, மூச்சு முட்டிவிடும். ஒரு வயது வரை தலையணையே வேண்டாம். அழுத்தினால் குழியாத, தட்டையான படுக்கையில் மல்லாக்கப் போட்டுத் தூங்க வைப்பதுதான் பத்திரம். பெரியவர்கள் மெத்தையில் கூடவே போட்டுக்கொள்வதும் கூடாது.

இலவம் பஞ்சை நனைத்துத் துவைக்கக் கூடாது. அவ்வப்போது வெயிலில் காயப்போட்டு, தட்டி, புரட்டிப் போடுங்கள். நாளாவட்டத்தில் பஞ்சு திரண்டு கட்டியானால் பிரித்து, உதறி, மறுபடி அடைக்கலாம். விரிப்பை மட்டும் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசிவிடுங்கள்.

போடிக்குப் போனால் பெரியவர்களுக்கு மெத்தை வாங்குங்கள். கூடவே கால் கிலோ ஏலக்காயும்! குழந்தைக்கு மட்டும், கைக்கு மெத்தென்று இருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.