எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். எங்களோடு நான்கு வருடம் களப்பணி செய்த தங்கை ஒருத்தி மட்டும் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெங்களூருவில் ஒரு கம்பெனிக்கு யூ.எக்ஸ். டிசைனர் வேலைக்கான விண்ணப்பம். பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் நிரப்பிவிட்டு ஒரு கட்டத்தில் நின்றுவிட்டாள்.

“அக்கா, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீங்கன்னு கேக்கறாங்க. என்னா போடட்டும்?”

அன்று அவள் வாங்கிக்கொண்டிருந்தது மாதம் 14,000 ரூபாய். அங்கே நாங்கள் மூன்று பேர் இருந்தோம். சமூகப்பணி, சமூகவியல் என்று மூவரும் முதுகலை படித்தவர்கள். மூவரும் சொன்னது ஒன்றுதான்: “ரொம்பக் கேட்டுடாத. மொதல்ல உள்ள போ. பதினெட்டு போடு.”

பதினெட்டு போட்டாள். வேலை கிடைத்தது. சந்தோஷப்பட்டோம். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதே வாரம் அதே வேலையில் சேர்ந்த இன்னொருவருக்கு 32,000. அவரும் வேறு துறையிலிருந்து வந்தவர்தான். அவரும் அதே ஆன்லைன் கோர்ஸ் முடித்தவர்தான். அவர் 35 கேட்டிருக்கிறார், பேசி 32-க்கு முடித்திருக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அவருக்கு அந்தத் துறையிலேயே ஒரு பெரியப்பா மகன் இருந்தார். இவளுக்கு நாங்கள் இருந்தோம்.

வித்தியாசம் 14,000. நான்கு வருடம் களத்தில் நடந்து அவள் வாங்கிய முழுச் சம்பளம் அது. கம்பெனியைத் திட்டிவிட்டு நாங்கள் நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த எண்ணைச் சொன்னது எங்கள் வாய்.

இதில் வெட்கப்பட வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் பற்றி நாங்கள் படித்தே இருந்தோம். 2007-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் அஸ்வினி தேஷ்பாண்டேயும் கேத்தரின் நியூமேனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். டெல்லியின் பெரிய பல்கலைக்கழகங்களில் படிப்பை முடிக்கப்போகும் மாணவர்களிடம், என்ன வேலையை, என்ன சம்பளத்தை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்ட ஆய்வு அது. ஒரே தகுதி இருந்தும் தலித் மாணவர்களின் எதிர்பார்ப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. வேலைச் சந்தைக்குள் நுழையும் முன்பே நம் பிள்ளைகள் தங்கள் விலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். தேர்வுக்காக அதைப் படித்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிய நாங்கள், எங்கள் வீட்டுத் திண்ணையில் அதையே செய்தோம்.

ஏன் செய்தோம் என்று பிறகு உட்கார்ந்து பேசினோம். எங்கள் மூவரின் வீட்டிலும் அந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்கப்பட்டதில்லை. அப்பா கட்டட வேலைக்குப் பெங்களூரு பஸ் ஏறினால் கூலியை மேஸ்திரி சொல்வார். அம்மா களையெடுக்கப் போனால் நிலக்காரர் சொல்வார். நமக்குக் கூலி என்பது பிறர் சொல்லிக் கேட்பது. நாமாக வாய்திறந்து கேட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். கூலியை உயர்த்திக் கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்தார்கள். “ரொம்பக் கேட்டுடாத” என்பது எங்கள் புத்திசாலித்தனம் இல்லை. தலைமுறையாக வந்த பயம்.

கூடுதல் கூலி உள்ள வேலைக்கு வெளியே நம்மை நிறுத்துவதும் புதிதல்ல. பம்பாய் பஞ்சாலைகளில் நூற்புப் பிரிவில் தலித்துகள் வேலை செய்தார்கள். கூலி அதிகமான நெசவுப் பிரிவில் மட்டும் இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், தீட்டாகிவிடும் என்று காரணம் சொன்னார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் எழுப்பிய கேள்வி இதுதான். இன்றைக்கு அந்த நெசவுப் பிரிவு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. கதவு திறந்திருப்பதுபோலத் தெரிகிறது. உள்ளே போனவர் என்ன வாங்குகிறார் என்பதுதான் மூடியிருக்கிறது.

“முன் அனுபவம் இல்லையே, எப்படிக் கேட்பது?” என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். யூ.எக்ஸ். டிசைன் என்பது படம் வரைவது மட்டுமல்ல. ஒரு செயலியையோ இணையதளத்தையோ பயன்படுத்தப்போகிறவர் யார், எங்கே தடுமாறுவார் என்று நேரில் பேசித் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப வடிவமைத்து, மறுபடி அவரிடமே கொடுத்துச் சோதிப்பது. வீடு வீடாகக் கணக்கெடுத்தவர்கள், குழுவாக உட்காரவைத்துப் பேசவைத்தவர்கள், உதவித்தொகைப் படிவத்தில் எந்தக் கேள்வியில் அம்மாக்கள் தயங்குகிறார்கள் என்று பார்த்தவர்கள் அந்த வேலையில் பாதியை ஏற்கெனவே செய்தவர்கள். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து செயலியில் ஏற்றுவதைக் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாமல் போட்டோ ஏறாததால் கூலி போனதாகத் தொழிலாளர்கள் நாடெங்கும் புகார் சொன்னார்கள். சித்தேரி மலையில் ஒரு நாள் நின்று பார்த்தவர், சிக்னல் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்டிருப்பார். அந்த அறிவுக்கு விலை உண்டு. “என்.ஜி.ஓ.வில் இருந்தேன்” என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். எத்தனை பேரை நேர்காணல் செய்தீர்கள், அதனால் எது மாறியது என்று எழுதுங்கள்.

அடுத்து, “இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?” என்பார்கள். பழைய சம்பளத்தின் மேல் கொஞ்சம் ஏற்றித் தரும் வழக்கம் நம்மை எங்கே கட்டிப்போடும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் 2018 முதல் முதலாளிகள் அப்படிக் கேட்பதையே தடை செய்திருக்கின்றன. இங்கே அப்படிப்பட்ட சட்டம் இல்லை. ஆனால், “அது வேறு துறை. இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு” என்று நாம் சொல்லலாம்.

அவர்கள் சொல்லும் ஆண்டுத் தொகையை அப்படியே பன்னிரண்டால் வகுக்காதீர்கள். பி.எஃப்.பில் முதலாளியின் பங்கு, பணிக்கொடை, காப்பீடு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பெங்களூரு வாடகை, வீட்டு அட்வான்ஸ், அம்மாவின் குழுக்கடன் தவணை எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கூட்டிய பிறகு எண்ணைச் சொல்லுங்கள்.

எங்கள் தங்கை போன மாதம் வேலை மாறினாள். இரண்டு இடங்களில் 45 கேட்டாள். ஒரு இடத்தில் மறுபடி கூப்பிடவே இல்லை. அன்று இரவு, குறைத்துக் கேட்டிருக்கலாமோ என்று போனில் அழுதாள். இந்த முறை நாங்கள் “சரி, குறைச்சுக்கோ” என்று சொல்லவில்லை. இன்னொரு இடத்தில் 40-க்கு முடிந்தது.

இப்போது மாலை வகுப்பில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இங்கே படித்து வெளியே போனவர்கள் ஊர், வேலை, அனுபவம், கேட்ட சம்பளம், கிடைத்த சம்பளம் ஆகியவற்றை எழுதுகிறார்கள். பெயர் வேண்டாம். இதுவரை இருபத்தாறு வரிகள். முதல் வரியை அவள்தான் எழுதினாள்: கேட்டது 18, கிடைத்தது 18.

பெரியப்பா மகன் இல்லாதவர்களுக்கு அந்த நோட்டு இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒன்று தொடங்குங்கள் தோழர்களே.

ஜெய் பீம்.