வாங்கு மாற்றிய கதை



ஜோன் ஸ்டைன்பெக் 1937இல் வெளியிட்ட 'ஒஃப் மைஸ் அன்ட் மென்' குறுநாவலை ஆசிரியர் கலாசாலையில் பரீட்சைக்காகத்தான் வாசித்தோம். கூலி வேலை தேடி அலையும் ரெண்டு கூட்டாளிகள். லெனிக்கு மாட்டுப் பலம், புத்தி சின்னப் பிள்ளைக்குரியது. அவனுக்காக ஜோர்ஜே பேசுவான். பண்ணை முதலாளிக்குச் சந்தேகம்: இவன்ட சம்பளத்தை அவன் எடுக்கிறானோ? (கடைசியில் ஜோர்ஜே லெனியைச் சுடுவதை இன்றும் எங்களால் ஏற்க முடியவில்லை, அது வேறு கதை.)

ஈச்சிலம்பற்றில் படிப்பிக்க வந்து நாங்களும் அந்த முதலாளியாகத்தான் நின்றோம். மெதுவாக விளங்கும் பிள்ளைக்காக எப்போதும் பதில் சொன்ன கூட்டாளியை, சாப்பாட்டுக்காக ஒட்டித் திரிகிறான் என்று நினைத்து வேறு வாங்கில் இருத்தினோம். பிள்ளை வகுப்புக்கு வருவதையே விட்டுவிட்டான். வீடு தேடிப் போனால், திண்ணையில் மற்றவன் அன்றைய கொப்பியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் மூடிவிட்டான்.

வாங்கைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டிருக்கிறோம். பிள்ளை இன்னும் வரவில்லை.