ஒன்றுக்கு எழுபத்திரண்டு

என்னுடைய எழுத்துமேசையில் இப்போது எழுத்துக்கு இடமில்லை. கடந்த ஏழு மாதங்களாக அங்கே ஓர் அவ்ரோ விமானம் குடியிருக்கிறது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 41.7 சென்ரிமீற்றர். மூக்கிலிருந்து வால் வரை 28.4 சென்ரிமீற்றர். மெய்யான விமானத்தின் 30.02 மீற்றரையும் 20.42 மீற்றரையும் எழுபத்திரண்டால் வகுத்துப் பெற்ற எண்கள் இவை. கலைப்பீடத்தில் படித்துப் பத்திரிகைக்கு வந்த எனக்கு எண்களோடு என்றுமே சுமுகமான உறவு இருந்ததில்லை. ஐம்பத்தைந்து வயதில் வேணியர் இடுக்கிமானியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன் என்று யாராவது முன்னர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மாதிரியுரு செய்பவர்கள் 1:72 என்ற அளவிடையைப் பெரிதும் விரும்புவதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. அதில் ஓர் அங்குலம் ஆறடிக்குச் சமம். அதாவது ஓர் ஆள் ஓர் அங்குல உயரம். கணக்கு மறந்தாலும், விமானத்தின் பக்கத்தில் ஓர் அங்குல மனிதனைக் கற்பனையில் நிறுத்திப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும்.

கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் போர் விமானங்களுக்குக் குறைவில்லை. சரக்கு விமானங்களுக்கு அந்த மதிப்பு இல்லை. டகோட்டாவும் ஹேர்குலிசும் கிடைக்கும். அவ்ரோ 748 தேடித் திரிந்தாலும் கிடைப்பது அரிது. ஆகவே பல்சா மரத்தையும் பிளாஸ்டிக் தகட்டையும் கொண்டு நானே செய்யத் தொடங்கினேன். துணைக்கு இருந்தது பழைய ஜேன்ஸ் ஆண்டுநூல் ஒன்றிலிருந்து எடுத்த முப்பார்வை வரைபடம். கத்தி மட்டும் புதிதன்று. கணினி வராத காலத்தில் பக்கங்களை ஒட்டுமேசையில் வைத்து, புரோமைட் தாளைக் கீறி, பசை தடவி ஒட்டினோம் அல்லவா, அந்தக் கத்திதான். ஒரு வரி சரிந்து ஒட்டப்பட்டிருந்தால் அன்றைய பக்க ஆசிரியர் முழுப் பக்கத்தையும் உரிக்கச் சொல்லுவார். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை.

அவ்ரோவின் உடல் வட்டமானது. 2.67 மீற்றர் விட்டம், மாதிரியுருவில் 37 மில்லிமீற்றர். அரத்தாளால் அரை மில்லிமீற்றர் கூடுதலாகத் தேய்த்துவிட்டால், மெய்யான விமானத்தில் அது மூன்றரை சென்ரிமீற்றருக்கு மேல். இரண்டு உடல்களைத் தேய்த்துக் குப்பையில் எறிந்த பிறகே மூன்றாவது சரிவந்தது. இயந்திரங்கள் இன்னும் தொல்லை தந்தன. தாழ்ந்த இறக்கையுடைய விமானத்தில் சுழலி நிலத்தில் முட்டக் கூடாது என்பதற்காக ரோல்ஸ் ரோய்ஸ் டார்ட் இயந்திரங்களை இறக்கைக்கு மேலாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் யானைமேல் அம்பாரி போல இருக்கும். அந்த அம்பாரியின் வளைவுக்கு மட்டும் ஐந்து வாரங்கள் எடுத்தன. டார்ட் இயந்திரத்தின் காதைக் கிழிக்கும் கூவலை எந்த அளவிடையிலும் செய்ய முடியாது. அதைக் கேட்டவர்களுக்கு அது தேவையுமில்லை.

டகோட்டாவின் இடத்தை நிரப்பவென்று பிரித்தானியாவில் வரையப்பட்டது இது. 1960 ஜூன் 24இல் முதன்முதலாகப் பறந்தது. இந்தியாவின் கான்பூரில் மட்டும் 89 விமானங்கள் கட்டப்பட்டன. எங்கள் நாட்டில் ஏர் சிலோன் நிறுவனம் இதை இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே ஓட்டியது. 1977இல், ஏழு வயதில், அம்மாவோடு நான் அதில் ஏறியிருக்கிறேன். முட்டை வடிவ யன்னலும், வாயில் கரைந்த இனிப்பும், அம்மா கண்களை இறுக மூடியிருந்ததும் நினைவில் இருக்கின்றன. மறுவருடம், 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், ஏர் சிலோனின் அவ்ரோ ஒன்று இரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பயணிகள் இறங்கிவிட்டிருந்தபடியால் உயிரிழப்பு இல்லை. 'எங்கட பிளேன் எரிஞ்சு போச்சாம்' என்று வீட்டில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. எங்களுடையது என்ற அந்தச் சொல்லை அந்த விமானத்தைக் குறித்து அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

போர் வந்தபின் அவ்ரோ படையினரின் சரக்கு விமானமாகவே எங்களுக்குத் தெரிந்தது. பின்புறத்தில் அகன்ற சரக்குக் கதவு. அந்தக் கதவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் எனக்குச் சிக்கல் வந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பவியலாளராக இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர் அவர். நான் அவரை 'அய்யா' என்பேன். சிங்களத்தில் அது அண்ணன், தமிழில் மரியாதைச் சொல். இரண்டுமே அவருக்குப் பொருந்தும். என்னை அவர் 'மல்லி' என்பார்.

என் வரைபடத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பென்சிலை வாங்கிக் கதவின் கீழ்க்கோட்டை இரண்டு மில்லிமீற்றர் இறக்கி வரைந்தார். 'இந்த விளிம்பில் என் கை எத்தனை முறை கிழிந்திருக்கிறது தெரியுமா?' என்று கேட்டார். 1995 ஏப்ரல் 28இலும் 29இலும், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், பலாலிக்கு அருகே புலிகளின் ஏவுகணைகளால் இரண்டு அவ்ரோக்கள் வீழ்த்தப்பட்டன. ஏறத்தாழ நூறு பேர் மாண்டார்கள். அவர்களில் சிலரோடு அவர் ஒரே மேசையில் உணவருந்தியவர். இதை அவர் எனக்குச் சொன்னது எங்கள் ஆறு வருட அயல்வாழ்வில் அன்றுதான். அந்த நாட்களில் அந்தச் செய்தியை நாங்கள் எந்த உணர்வோடு கேட்டோம் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நான் அவருக்குச் சொன்னது வேறு. 1990இல் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவன். சரக்கு விமானங்களின் கதவு வழியே பீப்பாய்க் குண்டுகள் உருட்டிவிடப்பட்ட காலம் அது. மெதுவாக ஊர்ந்து வரும் அந்த விமானங்களை ஊரில் 'சகடை' என்போம். அவ்ரோதான் சகடை என்பார் ஒருவர், சீனத்து வை-12தான் சகடை என்பார் இன்னொருவர். வீட்டுக்கு வீடு வழக்கு. ஒருநாள் பிற்பகல் பதுங்கு குழிக்குள் இறங்காமல் வேப்பமரத்தடியில் நின்று நான் அண்ணாந்து பார்த்தேன். பீப்பாய் எங்கள் ஒழுங்கைக்கு அப்பால் வாழைத் தோட்டத்தில் விழுந்தது. அங்கே தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் இறந்துபோனார். இருபது வருடங்களின் பின், 2010இல், ஒரு ஞாயிறு இதழில் இதை எழுதினேன். அவ்ரோ விமானம் என்றே எழுதினேன். அதன் சக்கரங்கள் கீழே தொங்கிக்கொண்டிருந்ததையும், இறக்கையைத் தாங்கிய சாய்வான கம்பிகளையும் கண்ணால் கண்டதாகவும் எழுதினேன். இந்த மாதிரியுருவைச் செய்யத் தொடங்கியதற்கும் அந்தப் பிற்பகலே காரணம். அந்தப் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அய்யா ஒன்றும் சொல்லாமல் என் அரைகுறை விமானத்தைத் தூக்கிக்கொண்டு தம் வீட்டு மாடி விறாந்தைக்கு ஏறினார். என்னை முற்றத்தில் நிற்கச் சொன்னார். கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டி, விமானத்தை என் தலைக்கு மேலே பிடித்தார். என் கண்ணிலிருந்து அது நாலேகால் மீற்றர் உயரம் இருக்கும். எழுபத்திரண்டால் பெருக்கினால் முந்நூறு மீற்றர், ஆயிரம் அடி. அன்று வந்த விமானமும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் வந்திருக்க வேண்டும்.

'சக்கரம் தெரிகிறதா, மல்லி?'

தெரியவில்லை. தெரியவும் முடியாது. பறக்கும்போது அவ்ரோவின் சக்கரங்கள் இயந்திரக் கூட்டுக்குள் மடிந்துவிடும். நான் அவற்றை மடித்த நிலையிலேயே செய்திருந்தேன். கம்பிகளும் இல்லை. அவ்ரோவின் இறக்கை உடலின் அடியிலிருந்து புறப்படுவது. அதைத் தாங்கக் கம்பி எதற்கு? இறக்கை உடலுக்கு மேலே இருக்க, அதைச் சாய்வான கம்பிகள் தாங்க, மடியாத சக்கரங்கள் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும் விமானம் வை-12. 1980களின் இறுதியிலேயே அது இங்கு வந்துவிட்டது.

என் கண் பொய் சொல்லவில்லை. கண்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். பெயரைத்தான் காதால் கேட்டபடி எழுதிவிட்டேன். ஒரே பந்தியில், அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களில், ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு செய்திகள். பதினைந்து வருடங்களாக ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. செய்தியாசிரியராக இருந்த காலத்தில் இளம் நிருபர் ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகளுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அன்று பதுங்கு குழிக்குள் இருந்து 'உள்ளுக்கு வாடா' என்று என்னைக் கூப்பிட்டவர் அவர்தான். 'தம்பி, எது வந்தா என்னடா? விழுந்தது விழுந்ததுதானே. செத்த மனுசன் எழும்பியே வரப்போறார்?' என்றார். அக்கா சொன்னதை மறுக்க முடியவில்லை. ஆனால் என் கட்டுரையை வெளிநாட்டிலிருந்து வெளிவந்த ஒரு தொகுப்பில் சாட்சியமாகச் சேர்த்திருக்கிறார்கள். நாளைக்கு ஒருவர் அதை எடுத்து, 'அவ்ரோவுக்கு ஏது தாங்குகம்பி? இந்த ஆள் எதையும் கண்டிருக்கவில்லை' என்று சொன்னால், விமானத்தின் பெயரோடு சேர்ந்து வாழைத் தோட்டமும் பொய்யாகிவிடும். தண்ணீர் கட்டியவரும் பொய்யாகிவிடுவார். அவருடைய மகள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்.

அந்த ஞாயிறு இதழ் இப்போது வெளிவருவதில்லை. தொகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. எனவே திருத்தத்தை இங்கே பதிந்து வைக்கிறேன். 2010இல் நான் எழுதிய கட்டுரையில் 'அவ்ரோ' என்று வருகின்ற இடங்களில் 'வை-12' என்று வாசிக்கவும். சக்கரங்களும் கம்பிகளும் நான் கண்டவை, அவற்றில் மாற்றமில்லை.

அவ்ரோவை முடித்துவிட்டேன். அதற்கு ஏர் சிலோனின் வர்ணம் பூசுவதா படையினரின் வர்ணம் பூசுவதா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. அய்யாவிடம் கேட்டேன். 'உன் அம்மா ஏறியதைச் செய்' என்றார். அப்படியே செய்தேன். ஆனால் சரக்குக் கதவின் விளிம்புகளை மெல்லிய பென்சில் கோட்டில் வெளித் தெரியாதபடி விட்டிருக்கிறேன். அவர் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது மேசையில் வை-12 தொடங்கியிருக்கிறது. 17.24 மீற்றர் இறக்கை, 14.86 மீற்றர் நீளம். மாதிரியுருவில் 23.9க்கு 20.6. அவ்ரோவுக்குப் பக்கத்தில் வைத்தால் கோழிக்குஞ்சு மாதிரி. வளைவுகள் குறைவு, உடல் பெட்டி போன்றது. மடியும் சக்கரங்கள் இல்லாதபடியால் அந்த வேலையும் மிச்சம். தாங்குகம்பிகளை நேற்றிரவு வெட்டி ஒட்டினேன். இடப்பக்கத்துக் கம்பி ஒரு மயிரிழை சாய்ந்துவிட்டது, நாளைக்கு உரிக்க வேண்டும். அன்று அது என்ன நிறத்தில் வந்தது என்பதை எத்தனை முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. வெயில் அதற்குப் பின்னால் இருந்தது. கீழிருந்து பார்த்த எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது.