அப்பா பிசைஞ்ச ரொட்டி

எங்க ஊர்ப்பக்கம் டீக்கடைன்னு போர்டு வைக்கறது ரெம்பக் கம்மிங்க. எல்லாமே பேக்கரிதான். துடியலூர்ல மேட்டுப்பாளையம் ரோட்டோரமா நடந்து பாருங்க, தேங்காய் பன்னு, பப்ஸு, கண்ணாடி கிளாஸ்ல டீ. இத்தனை பேக்கரி இருந்தும் பிரெட்டு மட்டும் எங்களுக்குச் சாப்பாட்டுக் கணக்குல வராது. அது காய்ச்சல்காரங்களுக்கு. ஆஸ்பத்திரிக்கு ஆரையாச்சும் பாக்கப் போனா ஒரு பாக்கெட் பிரெட்டு, நாலு சாத்துக்குடி. அவ்வளவுதான்.

எங்கப்பா மட்டும் இதுல சேத்தி இல்லை. மில்லுல ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட்ல முப்பது வருசம் வேலை பாத்தவரு. ஷிப்ட் முடிஞ்சு வந்தா சுடச்சுடப் பால்ல பிரெட்டை நனைச்சுச் சாப்பிடோணும். ரிட்டையர் ஆகியும் அந்தப் பழக்கம் விடலை.

போன ஐப்பசியில அவருக்குப் பக்கவாதம் வந்துருச்சுங்க. சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதால தப்பிச்சாரு. ஆனா வலது கை சொன்ன பேச்சு கேக்கலை. ஓடற மெஷின்ல அறுந்த நூலைக் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஒட்டிவிட்ட கை, இப்ப ஒரு டம்ளரைப் புடிக்க மாட்டேங்குது. பக்கத்துல நின்னு பாக்கறது இருக்குதே... விடுங்க.

பிரஷர் இருக்கறதால உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. ஊறுகா, அப்பளம் எல்லாம் நிறுத்தியாச்சு. பிரெட்டுலயும் உப்பு இருக்குதுன்னு அப்பறந்தான் எனக்கு உறைச்சுது. இனிப்பாத்தானே இருக்குதுன்னு நினைப்போம்! பாக்கெட்டுக்குப் பின்னாடி சோடியம் இத்தனை மில்லிகிராம்னு போட்டிருப்பாங்க, அதை ரெண்டரையால பெருக்குனா உப்புக் கணக்கு வந்துரும். பொதுவா 100 கிராம் மாவுக்கு 2 கிராம் உப்பு போடறது வழக்கம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு இருக்கோணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாலு துண்டு சாப்பிட்டா அதுல கால்வாசி போயிரும்.

அதை நிறுத்துங்கப்பான்னு சொல்ல எனக்கு மனசு வரலை. சரி, ஊட்டுலயே சுட்டுப் பாக்கலாம்னு எறங்கிட்டேன்.

சித்தப்பா பையன் அமெரிக்காவுல இருந்து வந்தப்பக் கொண்டாந்த பிரெட் மெஷின் ஒண்ணு பரண்ல கெடந்துது. மாவு, தண்ணி, ஈஸ்ட் எல்லாத்தையும் போட்டு மூடிட்டாப் போதும். அதுவே பிசைஞ்சு, பொங்க வெச்சு, சுட்டும் குடுத்துரும். பெருமையா பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். டப்புனு ஒரு சத்தம். கருகல் வாசம். ஊடே இருட்டு. மெஷினு 110 வோல்ட்டு, நம்மூருக் கரண்டு 230. மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன கோயமுத்தூர்ல பொறந்துட்டு வோல்டேஜ் பாக்காம சொருகுனது நானாத்தான் இருக்கும் :)

செத்துப்போன அந்த மெஷினைப் பத்திப் படிக்கறப்ப ஒரு சங்கதி கெடைச்சுது. 1985-ல ஜப்பான்ல மட்சுஷிடா கம்பெனி, அதான் இன்னிக்கு பானாசோனிக், ஊட்டுக்கான பிரெட் மெஷின் செய்யப் பாத்தாங்க. என்ன பண்ணியும் மாவு சரியாப் பிசையலை. மெஷின் பிசைஞ்ச மாவையும் ஆள் பிசைஞ்ச மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பாத்தாங்களாம். கடைசியில இகுகோ தனாகாங்கற பொண்ணு, சாப்ட்வேர் வேலை பாத்தவங்க, ஒசாகாவுல ஒரு ஹோட்டல் ரொட்டி மாஸ்டர்கிட்டப் போய் நின்னு கத்துக்கிட்டாங்க. அவரு மாவை வெறுமனே இழுக்கலை, முறுக்கி இழுக்கறாருன்னு கண்டுபுடிச்சாங்க. அதுக்கேத்த மாதிரி மெஷினுக்குள்ள வரிவரியா மேடு வெச்சு 1987-ல வித்தாங்க. கை பண்ணறதைப் பாத்துத்தான் மெஷினே கத்துக்கிச்சு.

மெஷின் போனா என்ன, நம்மகிட்டக் கிரைண்டர் இருக்குதே! 1955-ல சபாபதிங்கறவரு கோயமுத்தூர்ல கண்டுபுடிச்ச சமாச்சாரமாச்சே. மாவு பிசையற கம்பியை மாட்டி ஓட்டினேன். 300 கிராம் மாவு அதுக்குப் பத்தலை, கம்பியில ஒட்டிக்கிட்டு ராட்டினம் சுத்துச்சு. கடைசியில கைதான்.

மொத ரொட்டி பங்குனி வெயில்ல. உப்பை 6 கிராமுக்குப் பதிலா 2 கிராம்தான் போட்டேன். மாவு முக்கா மணி நேரத்துல புஸ்ஸுனு பொங்கி, ஓவனுக்குள்ள போனதும் அமுங்கிப் போச்சு. உப்பு ருசிக்கு மட்டுமில்லைங்க, ஈஸ்ட்டோட வேகத்துக்கு அதுதான் கடிவாளம். மாவு கெட்டியா நிக்கறதுக்கும் அது வேணும். உப்பைக் குறைச்சா ஈஸ்டையும் குறைக்கோணும், தண்ணி சில்லுனு இருக்கோணும், பொங்கறதைப் பக்கத்துல இருந்து பாக்கோணும். நம்ம இட்லி மாவு மாதிரிதான், மார்கழிக்கு ஒரு கணக்கு, பங்குனிக்கு ஒரு கணக்கு. பிசைஞ்ச மாவை ராத்திரி முழுக்க பிரிஜ்ஜுல வெச்சுக் காலையில சுட்டா, உப்பில்லாத குறையைப் புளிப்பு வாசம் கொஞ்சம் மறைச்சுரும்.

மூணாவது தடவை பிசைஞ்சுட்டு இருந்தேன். அப்பா சேர்ல உக்காந்து பாத்துட்டே இருந்தாரு. பிசியோதெரபி தம்பி குடுத்த ரப்பர் பந்தை அவரு தொடறதே இல்லை. "நான் என்ன கொழந்தையா?"ம்பாரு. அன்னிக்கு என்ன தோணுச்சோ, "அதென்றா மாவை அந்தக் குத்து குத்தற? இங்க கொண்டா"ன்னாரு.

பலகையை மடியில வெச்சேன். வலது கை மேல இடது கையை வெச்சு அமுத்தி, தள்ளி, மடிச்சு, திருப்பினாரு. "நூலுக்கு முறுக்கு ஏத்தலீன்னா அந்துரும். இதுக்கும் ஏத்தோணும்டா." தனாகா கதையை நான் அவருகிட்டச் சொன்னதே இல்லைங்க! பத்து நிமிசத்துல வேர்த்துக் கொட்டுச்சு. போதுங்கப்பான்னேன். விடலை. கடைசியில ஒரு துண்டை இழுத்துப் பாத்தா, கிழியாம வெளிச்சம் தெரியற அளவுக்கு மெலிசா விரிஞ்சுது.

200 டிகிரியில 35 நிமிசம். அடியில தட்டினா டொக்டொக்குனு காலிச் சத்தம் வரோணும், வந்துது. ஆற வெச்சு அறுத்து, பால்ல நனைச்சுக் குடுத்தேன். முழுங்கறதுல சிரமமில்லைன்னு டாக்டர் ஏற்கெனவே பாத்துச் சொல்லியிருந்தாங்க.

மென்னு முழுங்கிட்டு, "உப்பு இல்லடா"ன்னாரு.

"உப்பு ஆகாதுங்கப்பா."

கொஞ்ச நேரம் பேசலை. "செரி. நாளைக்கும் மாவு போடு."

இப்ப ஒரு நாள் உட்டு ஒரு நாள் பிசையறாரு. இதனால கை சரியாயிரும்னு நான் சொல்ல வரலைங்க. பிசியோதெரபி நடந்துட்டுத்தான் இருக்குது, மாத்திரையும் உண்டு. ஆனா பந்தைத் தொடாத மனுசன் மாவைத் தொடறாரு. நேத்து டம்ளரை வலது கையிலயே எடுத்தாரு. பாதிப் பால் கீழ சிந்திப் போச்சு. அம்மா தொடைச்சுட்டே, வையாம சிரிச்சாங்க.

மாவு பொங்கிக் கெடக்குது, அப்பா கூப்புடறாரு. வரட்டுங்களா?