பழைய வன்தட்டு

எமது நிலையத்திலுள்ள மேசைக் கணனி 2010ஆம் ஆண்டு, மீள்குடியேற்ற காலத்தில் வந்தது. 160 ஜிகாபைட் வன்தட்டு. காலையில் அதைப் போட்டுவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தாலும் அது வேலைக்கு ஆயத்தமாகியிருக்காது. சுழற்சிமுறைக் கடன் கணக்கு, தையல் பயிற்சிக்கு வந்தவர்களின் விபரம், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தந்த மனுக்களின் பிரதிகள் எல்லாம் அதற்குள்தான்.

2024இல் அதற்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வரத் தொடங்கியது. புதுக் கணனி வாங்கப் பணமில்லை. "வன்தட்டை மட்டும் மாத்துங்கோ அக்கா, 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒண்டு போதும்" என்றார் கடைத் தம்பி. பழையதற்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும். அவற்றைத் தொடாமல் மிக அருகே ஒரு முனை ஓடி வாசிக்கும். புதியதில் சுழல்வதற்கு எதுவுமில்லை. அதனால் வேகம் கூட.

மாற்றுவது பெரிய வித்தையல்ல. மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத் தகட்டைக் கழற்றி, இரண்டு வயர்களைப் பிடுங்கிப் புதியதில் செருகவேண்டும். புதியது சிறியதாகையால் அதைப் பொருத்த ஒரு தாங்கியும் தேவை. நானே செய்தேன். சமூகவியல் படித்தவளுக்கு இது எதற்கு என்று சக உத்தியோகத்தர் சிரித்தார். பதினான்கு வருடத் தூசியைத் துடைத்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் பிழை விட்டது பிரதி எடுப்பதில். சத்தம் கேட்ட அன்றே எடுத்திருக்கவேண்டும். மாத அறிக்கை முடியட்டும் என்று இரண்டு கிழமை கடத்திவிட்டேன். பிரதி எடுக்கும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டது. விடாமல் திரும்பத் திரும்ப முயன்றேன், அதுவும் பிழை. பழுதான தட்டைச் சுழல விட விடப் பழுது கூடும். கடைசியில் ஒன்பது படங்கள் வரவில்லை. அதிலொன்று, ஒரு அம்மா 2013இல் ஸ்கான் பண்ணத் தந்த மகனின் படம். கையிலிருந்த படத்தை அவர் விசாரணையொன்றுக்குக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை.

சொல்லுவதற்கு வீட்டுக்குப் போனேன். கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

"அப்ப அந்தப் பழசு எங்க?"

"அலுமாரிக்குள்ள கிடக்கு அம்மா."

"எறிஞ்சு போடாதேங்கோ பிள்ளை."

பழையதைத் தந்தால் விலையில் கழிக்கலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. கோப்பை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். எத்தனை பெண்களின் வாக்குமூலங்கள், முகவரிகள்! அதை யாருடைய கையில் கொடுப்பது?

கொழும்பில் இப்படியான தட்டுகளைத் திறந்து மீட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். செலவு அதிகம்; கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அதற்கென்று மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்குவதாகச் சங்கத்தில் தீர்மானித்திருக்கிறோம். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் வேறொரு தட்டில் பிரதி எடுத்து, அதை வேறிடத்தில் பூட்டி வைக்கிறேன்.

அந்த அம்மா கடன் கட்ட வரும் நாட்களில், பற்றுச்சீட்டை வாங்கியதும் "கிடக்குதே பிள்ளை?" என்பார். நான் அலுமாரியைத் திறந்து காட்டுவேன்.