கேட்கத் தகுந்த கேள்வி

2023 செப்டம்பரில் கொச்சி காக்கநாட்டில் டெபியன் மாநாடு நடந்தது. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கி, இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கட்டிக்காக்கும் கட்டற்ற இயங்குதளம் டெபியன். உரைகள் நடந்த அரங்குகளைவிட, நீள மேசைகளில் ஆளுக்கொரு மடிக்கணினியோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கூடம்தான் என்னை இழுத்தது. கணினி மனிதரிடம் கேட்கும் கேள்விகளைச் செப்பனிடுகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன்.

டெபியனிலோ உபுண்டுவிலோ மென்பொருள் நிறுவியவர்களுக்கு அந்தத் திரை பழக்கம். கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று நின்று, நீலப் பின்னணியில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று எழும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளை நிறுவினால், எந்த வகை அஞ்சல் அமைப்பு வேண்டும் என்று கேட்கும். பதில் சொல்லாமல் நகர முடியாது. இந்தக் கேள்விகளைத் திரைக்குக் கொண்டுவரும் நிரலின் பெயர் டெப்கான்ஃப். ஜோயி ஹெஸ் எழுதியது. கேள்வியின் வாசகத்தை எழுதுகிறவர் அந்தந்த மென்பொருள் பேக்கேஜின் பராமரிப்பாளர். நிரலில் கைதேர்ந்தவர்தான், ஆனால் ஆங்கிலம் அவருக்கு இரண்டாவது மொழியாகவோ மூன்றாவது மொழியாகவோ இருக்கலாம். இந்த வாசகங்களை ஒழுங்காகச் சீராய்வதற்கென்றே 2007-இல் கிறிஸ்தியான் பெரியே என்ற பிரெஞ்சுக்காரர் முன்னின்று 'ஸ்மித்' திட்டத்தைத் தொடங்கினார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்குத் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதுவது பிழைப்பு. டெபியன் வாசகங்களைத் திருத்துவது ஓய்வுநேர வேலை. அவர் திறந்து வைத்திருந்த கோப்பில் ஒரு கேள்வி. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "நான் இப்போது தரவுத்தளத்தை அமைக்கட்டுமா? 'ஆம்' என்றால் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன். இயல்பான விடை 'ஆம்'. சந்தேகமிருந்தால் என்டரைத் தட்டவும்."

படித்தபோது எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. நட்பாகத்தான் பேசுகிறது என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தார். "'நான்' யார்? கணினி ஆள் இல்லை." முதல் வெட்டு. "இதே கேள்வி வரைகலைத் திரையில் டிக் அடிக்கும் கட்டமாக வரும். அங்கே 'ஆம்' என்று ஒரு பொத்தானே இருக்காது." இரண்டாவது. "இயல்பு விடையைத் திரையே தேர்ந்து காட்டும். நாளைக்குப் பராமரிப்பாளர் அதை மாற்றிவிட்டு இந்த வரியை மாற்ற மறந்தால், திரை ஒன்று சொல்லும், வாசகம் ஒன்று சொல்லும்." மூன்றாவது. என்டர் விசையும் போனது. எல்லா இடைமுகத்திலும் அதற்கு ஒரே வேலை இல்லை.

கடைசியில் நின்றது இரண்டே வரி: "தரவுத்தளத்தை இப்போது அமைக்க வேண்டுமா? வேண்டாமெனில், சேவையைத் தொடங்குமுன் அதைக் கையால் அமைக்க வேண்டியிருக்கும்." இரண்டாவது வரி பழைய வாசகத்தில் இல்லவே இல்லை. முடிவெடுப்பவருக்குத் தேவைப்பட்ட ஒரே தகவலும் அதுதான்.

எதிரில் மதுரைக்காரத் தம்பி ஒருவர், தமிழ் மொழிபெயர்ப்பு பார்ப்பவர், எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார். "இவங்க திருத்தின பிறகு எங்க கைக்கு வந்தா புண்ணியம்ணா," என்றார். மொழிபெயர்ப்பு முடிந்த பின் மூல வாசகத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும், அந்த வரி எல்லா மொழிகளிலும் ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டுவிடும். அதை ஒருவர் சரிபார்க்கும்வரை திரையில் ஆங்கிலம்தான் தெரியும். ஒரு பராமரிப்பாளரின் அவசரத்துக்குப் பல நாடுகளில் முகம் தெரியாதவர்கள் வேலை பார்க்க வேண்டும்.

தம்பிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. வாக்கியத்தின் நடுவில் கணினியின் பெயரோ பயனரின் பெயரோ வந்து விழ ஒரு காலியிடம் விட்டிருப்பார்கள். என்ன பெயர் வரும் என்று தெரியாமல் அதோடு வேற்றுமை உருபை எப்படி ஒட்டுவது? "'என்ற பயனரை'ன்னு போட்டுச் சமாளிக்கிறோம்ணா. ஆனா துண்டு துண்டா ஒட்டின வாக்கியம் வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. எங்க இலக்கணத்துல வினை கடைசியிலதானே வரணும்." பெண்மணியிடம் இதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஜப்பானியர்களும் இதையே சொல்கிறார்கள் என்று தலையாட்டினார். முழு வாக்கியமாக எழுதுங்கள் என்று அவர் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

சீராய்வு வேலைக்கு ஒரு வரிசை உண்டு. இதைப் பார்க்கப் போகிறேன் என்று முதலில் அறிவிப்பு. பிறகு திருத்திய வரைவு. மற்றவர்கள் அதைக் குடைந்தபின், கடைசியாக யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஓர் அழைப்பு. அதன்பிறகுதான் வழு அறிக்கையாகப் பராமரிப்பாளரிடம் போகும். மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அழைப்பு போகும். ஆனால் வாசகத்தைத் தொடுவதற்கு முன்பே பெண்மணி ஒன்று பார்க்கிறார்: இந்தக் கேள்வி அவசியந்தானா? டெப்கான்ஃபில் கேள்விகளுக்கு நான்கு முன்னுரிமைகள் உண்டு. வழக்கமான அமைப்பில் மேல் இரண்டு மட்டுமே திரைக்கு வரும். தன் கேள்வி முக்கியமானது என்று எல்லாப் பராமரிப்பாளரும் நினைப்பது இயல்பு. ஆனால் நூறு சேவையகங்களில் ஒரே நேரத்தில் நிறுவுகிறவருக்கு ஒவ்வொரு கேள்வியும் முட்டுக்கட்டை. வெறும் தகவல் என்றால் அதற்கு ஆவணக் கோப்பு இருக்கிறது. ஆளை நிறுத்திவைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாலையில் அந்தக் கோப்பின் பராமரிப்பாளரே மேசைக்கு வந்தார். தரவுத்தளக் கேள்வியின் திருத்தத்தை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். 'நிறுவியதற்கு நன்றி' என்ற பெட்டியை எடுக்கத்தான் கொஞ்சம் மனம் வரவில்லை, எடுத்தார். மூன்றாவது கேள்வியில் மட்டும் பிடிவாதமாக நின்றார். பேக்கேஜை அடியோடு நீக்கும்போது தரவுத்தளத்தையும் அழிக்க வேண்டுமா என்ற கேள்வி அது. இயல்பு விடையை 'வேண்டாம்' என்று வைத்துக் கேள்வியை எடுத்துவிடலாமே என்றார் பெண்மணி. "எடுத்தால், வாடிக்கையாளர் விவரங்கள் வட்டில் கிடக்கும், நீக்கியவருக்கு அது தெரியவே தெரியாது. அழித்தால், சிலருக்குப் பல வருட உழைப்பு போய்விடும். இதில் முடிவெடுக்க நான் யார்?" என்றார் பராமரிப்பாளர்.

பெண்மணி அதற்குமேல் வாதாடவில்லை. சீராய்பவருக்கு அதிகாரம் எதுவும் இல்லை. பரிந்துரைக்கலாம், கடைசிச் சொல் பராமரிப்பாளருடையது. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது அதற்காக அல்ல. நிரலால் ஊகிக்க முடியாதது, தவறினால் மீட்க முடியாதது, கணினியின் உரிமையாளர் மட்டுமே சொல்லக்கூடியது: அப்படிப்பட்ட கேள்விக்காக ஒருவரை நிறுத்திவைக்கலாம். அதில் அவர் செய்த திருத்தம் ஒன்றே ஒன்றுதான்: அழித்தால் திரும்பப் பெற முடியாது என்பதை விளக்கத்தின் முதல் வரிக்குக் கொண்டுவந்தார்.